மார்லிஸ் அத்தை ரிவர்ஸ் எடுக்கிறாள்

ஹால்வர் லேக், மினசோட்டா
2018 அக்டோபர் 7

அன்புள்ள டிராய்,

உன் விலாசத்தை உன் அம்மாவிடம் கெஞ்சித்தான் வாங்கினேன். ஃபோன் நம்பரைத் தரவே மாட்டேன் என்று ஜாய்ஸ் அண்ணி ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள். "பேசணும்னு தோணினா அவனே கூப்பிடுவான் மார்லிஸ். லெட்டர்னா போடு. படிக்கறதும் கிழிக்கறதும் அவன் இஷ்டம்" என்றாள். கிழிப்பதற்கு முன்னால் ஒரு தடவை படித்துவிடு.

ஜூனில் உன் அப்பாவை அடக்கம் செய்த அன்று, சர்ச்சுக் கூடத்தில் காப்பிப் பாத்திரத்துக்கு அந்தப் பக்கம் நீ நின்றாய், இந்தப் பக்கம் நான் நின்றேன். நீ தலையை ஆட்டினாய். நானும் ஆட்டினேன். இருபத்தைந்து வருடத்தில் நாம் பேசிக்கொண்டது அவ்வளவுதான். அண்ணன் இருந்தவரை நம் இருவருக்கும் நடுவில் அவர் வாயிலாகவாவது செய்தி போய்வந்துகொண்டிருந்தது. இப்போது அதுவும் இல்லை.

நான் எழுதவந்தது வேறு விஷயம். பள்ளிக்குப் புதுத் தலைமையாசிரியை வந்திருக்கிறாள். டேனா என்று பேர். முப்பத்துநாலு வயது. என் ஸ்வெட்டர்களில் சிலவற்றுக்கு அவளைவிட வயது அதிகம். ஆகஸ்டில் எங்களையெல்லாம் உட்காரவைத்து, "இந்த வருஷம் ஒவ்வொருத்தரும் உங்களுக்குச் சுத்தமா வராத ஒண்ணைக் கத்துக்கணும். கொஞ்சம் தெரிஞ்சதுகூட ஆகாது. வெள்ளிக்கிழமையானா அந்த வாரம் எப்படிப் போச்சுன்னு உங்க வகுப்புப் பிள்ளைங்ககிட்ட உள்ளதை உள்ளபடி சொல்லணும்" என்றாள். தெரியாமல் விழிப்பது எப்படி இருக்கும் என்பது நமக்கு மறந்துபோய்விட்டதாம். விளையாட்டு ஆசிரியர் ஸ்வெட்டர் பின்னுகிறார். முதல் வகுப்பு டீச்சர் அக்கார்டியன் வாங்கிவந்து ஊரையே படுத்துகிறாள்.

நான் எடுத்துக்கொண்டது காரில் மாட்டிய படகு டிரெய்லரைப் பின்பக்கமாக ஓட்டி ஏரிக்குள் இறக்குவது. நாற்பது வருடமாக அதை உன் கோர்டி மாமாதான் செய்தார். இந்த வசந்தத்தில் அவருக்குக் கண்ணின் நடுப்பார்வை போய்விட்டது. ஓரத்தில் மட்டும் தெரிகிறது. லைசென்ஸையும் வாங்கிக்கொண்டுவிட்டார்கள். மே மாதம் மீன்பிடிப்பு தொடங்கும் முதல் நாள் அவர் ஏரியில் இல்லாமல் இருந்ததே கிடையாது. நான் ஓட்டினால்தான் அவர் போகமுடியும்.

ஆறு சனிக்கிழமையாகப் பள்ளி வாகன நிறுத்தத்தில் பழகுகிறேன். இடதுபக்கம் போகவேண்டும் என்றால் ஸ்டீயரிங்கை வலதுபக்கம் திருப்ப வேண்டும் என்று வாயால் சொல்லத் தெரிகிறது. கை கேட்கமாட்டேன் என்கிறது. மாமா பக்கத்தில் உட்கார்ந்து, "வலது! உன் வலது இல்ல மார்லிஸ், அதோட வலது!" என்று கத்துகிறார். போன வாரம் சைக்கிள் ஸ்டாண்டு ஒன்றைச் சாய்த்தேன். அந்தப் பக்கமாகப் போகிற ஆண்கள் எல்லாரும் ஜன்னலைத் தட்டி, "சாவியைக் குடுங்க, நான் எடுத்து விடறேன்" என்று கையை நீட்டுகிறார்கள். கொடுத்துவிடுகிறேன். அவர்கள் ஒரே மூச்சில் எடுத்துவிட்டுப் போகிறார்கள். எனக்கு ஒன்றும் விளங்குவதில்லை.

நீ லாரியில் ஐம்பத்துமூன்று அடி டிரெய்லரைப் பின்னால் எடுக்கிறவன். எப்படி எடுக்கிறாய்? இஷ்டம் இருந்தால் எழுது.

அன்புடன்,
மார்லிஸ் அத்தை


பில்லிங்ஸ், மொன்டானா
நவம்பர் 3

அத்தை,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. மாமா கண்ணைப் பற்றி அம்மா சொன்னார். வருத்தமாக இருந்தது. மாமா என்னை ஒருநாளும் எதையும் படித்துக்காட்டச் சொன்னதில்லை.

டிரெய்லரை எப்படி எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில் இது. "கவனமாப் பாரு. அவசரப்படாதே. எல்லாருக்கும் வருது, உனக்கு மட்டும் ஏன் வராது?"

உதவியாக இருந்ததா? மூன்றாம் வகுப்பில் எனக்கும் அப்படித்தான் இருந்தது.

இதை நானே எழுதினேன். நாலு லாரி நிறுத்தங்களில் உட்கார்ந்து எழுதி முடித்தேன். "நீ சொல்லு, நான் டைப் பண்றேன்" என்று என் மனைவி ஜோலின் சொன்னாள். வேண்டாம் என்றேன். பிழை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி மட்டும் அனுப்பாதீர்கள். ஒரு தடவை அனுப்பியது போதும்.

டிராய்


ஹால்வர் லேக்
நவம்பர் 18

அன்புள்ள டிராய்,

உன் கடிதத்தின் நடுப்பகுதியைப் படித்துவிட்டு முதலில் சிரித்தேன். மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "அது உன் குரல் மாதிரியே இருக்கு" என்றார். அதற்குப் பிறகு எனக்கும் சிரிப்பு வரவில்லை.

நான் உனக்கு எதைத் திருப்பி அனுப்பினேன்? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. மறைக்கிறேன் என்று நினைக்காதே. நிஜமாகவே தெரியவில்லை. சொல்லிவிடு.

போன கடிதத்தில் நான் முழு உண்மையையும் எழுதவில்லை. டிரெய்லரைப் பற்றிக் கேட்க இந்த ஊரில் ஆளா இல்லை? கேட்கவேண்டியது வேறு. தைரியம் வராமல் டிரெய்லரை முன்னால் விட்டு அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

என் வகுப்பில் ஹேசல் என்று ஒரு பெண் இருக்கிறாள். எட்டு வயது. வாசிக்கும் நேரம் வந்தால் அவளுக்குப் பென்சில் சீவவேண்டியிருக்கும், இல்லாவிட்டால் பாத்ரூம் போகவேண்டியிருக்கும். எழுத்து எல்லாம் ஓடுகிறது என்கிறாள். மற்றபடி கெட்டிக்காரி. ரிப்பேரான ஸ்டேப்ளரைப் பிரித்துச் சரிசெய்து கொடுக்கிறாள். நான் வெள்ளிக்கிழமைகளில் என் டிரெய்லர் கூத்தைச் சொல்லும்போது மற்ற பிள்ளைகள் எல்லாம் விழுந்து விழுந்து சிரிக்கும். இவள் மட்டும் கையைத் தூக்கி, "நீங்க அழுதீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "நானா இருந்தா அழுதிருப்பேன்" என்றாள். அப்புறம் நானும் உள்ளதைச் சொன்னேன். வண்டிக்குள் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன்தான்.

மே பதினேழாம் தேதிக்குள் நான் ஒரு பேப்பரில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவேண்டும். ஹேசல் நாலாம் வகுப்புக்குப் போகலாமா, இல்லை இன்னும் ஒரு வருடம் மூன்றாம் வகுப்பிலேயே நிற்கவேண்டுமா என்று. முப்பத்துமூன்று வருடத்தில் பதினோரு பிள்ளைகளை நிறுத்தியிருக்கிறேன். நீ நாலாவது ஆள். நிறுத்தியது சரியா, தப்பா என்று அவர்களில் ஒருவரையும் பின்னால் நான் கேட்டதில்லை. பத்துப் பேர் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாது. உன் விலாசம் ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது.

அது உனக்கு என்ன செய்தது, டிராய்? இதைக் கேட்கத்தான் எழுதினேன்.

அன்புடன்,
மார்லிஸ் அத்தை


பில்லிங்ஸ்
டிசம்பர் 30

அத்தை,

உங்களுக்கு ஞாபகம் இல்லை என்றதை நான் நம்புகிறேன். அதுதான் இன்னும் மோசம்.

என் ஒன்பதாவது பிறந்தநாளுக்கு நீங்களும் மாமாவும் எனக்கு ஒரு தூண்டில் பெட்டி கொடுத்தீர்கள். பச்சை நிறம். இரண்டு தட்டு வைத்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். யாரும் சொல்லாமல் நானே உட்கார்ந்து உங்களுக்கு நன்றி என்று கடிதம் எழுதினேன். தபால்தலை மட்டும்தான் அம்மாவிடம் வாங்கினேன். வகுப்பில் உங்களை அத்தை என்று கூப்பிடக்கூடாது என்று சொல்லியிருந்தீர்கள். அதனால் கடிதத்தில் அத்தை என்று ஆறு தடவை எழுதினேன். ஒரு வாரத்தில் பதில் வந்தது. உறைக்குள் என் கடிதமே இருந்தது. பதினாலு சிவப்பு வட்டம். கீழே "நல்ல முயற்சி. திருத்தி எழுதி மறுபடி அனுப்பு" என்று இருந்தது.

அதற்குப் பிறகு யாருக்கும் நான் கடிதம் எழுதவில்லை. ஜோலினை நான் காதலித்தபோதுகூட ஒரு வரி எழுதிக் கொடுத்ததில்லை.

இன்னொன்று. கார்ன்ஃபிளேக்ஸ் டப்பாவிலிருந்து நீளமாக ஒரு அட்டையை வெட்டி வைத்திருந்தேன். அதை வரிக்குக் கீழே வைத்தால் கீழ் வரி மேலே ஏறி வராது. எனக்கு நானே கண்டுபிடித்தது. "மூணாம் வகுப்புப் பிள்ளை இப்படி அட்டை வெச்சுப் படிக்கறதா? சின்னப் பிள்ளைங்க பழக்கம்" என்று வாங்கி மேஜைக்குள் போட்டீர்கள். நான் வம்பு பண்ணவில்லை. நீங்கள் எங்கள் வீட்டு ஆள். வீட்டு ஆள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

இப்போது டிரெய்லருக்கு வருகிறேன். மாமாவுக்காகச் சொல்கிறேன்.

வலது இடது என்று யோசிப்பதை விடுங்கள். ஸ்டீயரிங்கின் மேல் பாகத்தைத் தொடாதீர்கள். ஒரு கையை அடியில், கீழ் நுனியில் வையுங்கள். டிரெய்லரின் பின்பக்கம் எந்தப் பக்கம் போகவேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். அவ்வளவுதான். லாரி ஓட்டக் கற்ற இடத்தில் ஒரு பெண்மணி இதை எனக்கு ஒரு நிமிஷத்தில் சொல்லிக்கொடுத்தார். இது சின்னப் பிள்ளைகள் பழக்கம் என்று யாரும் என் கையைத் தட்டிவிடவில்லை.

என்னுடையதைவிட உங்களுடையதுதான் கஷ்டம். ஐம்பத்துமூன்று அடி மெதுவாகத் திரும்பும், யோசிக்க நேரம் கொடுக்கும். பதினாறு அடிப் படகு டிரெய்லர் வண்டிமேலேயே சட்டென்று மடங்கிவிடும். கோணலாகப் போனால் முன்னால் இழுத்து நேராக்கிக்கொண்டு மறுபடி வாருங்கள். எத்தனை தடவை வேண்டுமானாலும் இழுக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. சாவியை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

உங்கள் பேப்பரைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

டிராய்


ஹால்வர் லேக்
2019 ஜனவரி 20

அன்புள்ள டிராய்,

இது ஐந்தாவது தாள். முதல் நான்கிலும் என் பக்க நியாயத்தை எழுதினேன். அந்தக் காலத்தில் எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், சொந்தக்காரப் பிள்ளை என்று சலுகை காட்டினால் ஊர் பேசும், இப்படியெல்லாம். எழுதி எழுதி நானே கிழித்துப்போட்டேன்.

உன் கடிதத்தில் அத்தை என்று ஆறு இடத்தில் இருந்ததை நான் பார்க்கவில்லை. பதினாலு பிழையைத்தான் பார்த்தேன். ஆசையோடு எழுதிய பிள்ளைக்கு அதைத் திருப்பி அனுப்பிய கை என்னுடையதுதான். என்னை மன்னித்துவிடு. மன்னிக்க முடியாவிட்டாலும் நான் கேட்டேன் என்பது உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

கையை அடியில் வைத்தேன். பாஸ்டர் பனியில் ஓட்டும் ஸ்னோமொபைலை ஏற்றிப்போகிற டிரெய்லரை இரவல் வாங்கிக்கொண்டு, பனி வாரித் தள்ளிய சர்ச்சு வாசலில், மாமாவை வாயைத் திறக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு பழகினேன். முதல் தடவையே நேராகப் போயிற்று. டிராய், நான் வண்டியை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நாலு மாதம் நான் முட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கையை வைத்த இடம்தான் தப்பு.

திங்கட்கிழமை ஹேசலுக்கு ஒரு அட்டை வெட்டிக் கொடுத்தேன். வரிக்குக் கீழே வைத்துக் காட்டினேன். அவள் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "இப்ப நிக்குது" என்றாள். மூன்று வரி வாசித்தாள். அரைமணி நேரம் ஆயிற்று. மறுநாள் பார்த்தால் எல்லாப் பிள்ளைகளும் எனக்கும் எனக்கும் என்கிறார்கள். இருபத்திரண்டு அட்டை வெட்டினேன். நன்றாக வாசிக்கிற பிள்ளைகள்கூட வைத்துக்கொண்டார்கள். அதனால் அவளுடையது யார் கண்ணையும் உறுத்தவில்லை.

உன் அட்டையை என்ன செய்தேன் என்று தெரியவில்லை. தூக்கித்தான் போட்டிருப்பேன்.

அன்புடன்,
மார்லிஸ் அத்தை


ஹால்வர் லேக்
மார்ச் 24

அன்புள்ள டிராய்,

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து பதில் இல்லை. டெக்சாஸ் பக்கம் லாரி ஓட்டிக்கொண்டிருக்கிறாய் என்று ஜாய்ஸ் அண்ணி சொன்னாள். நான் நச்சரிக்கவில்லை. சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

நேற்று மறுபடி டிரெய்லரை மடக்கிவிட்டேன். ஜனவரியில் வந்தது மார்ச்சில் மறந்துவிட்டது. இப்படியும் நடக்குமா? நன்றாக வந்துகொண்டிருந்தது திடீரென்று போய்விடுமா? பிள்ளைகளிடம் நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன், "நேத்து உனக்குத் தெரிஞ்சுதே, இன்னிக்கு என்ன ஆச்சு?" என்று.

ஹேசலும் அப்படித்தான். ஒருநாள் ஒரு பக்கம் வாசிக்கிறாள். மறுநாள் ஒரு வரி நகரவில்லை. பரீட்சை வைத்ததில் இரண்டாம் வகுப்புத் தொடக்கத்துக்கு உரிய மதிப்பெண்தான். வாசிப்புக்கென்று வருகிற நிபுணர் நிறுத்திவிடலாம் என்கிறாள். டேனா, "உங்க முடிவு" என்று என் தலையில் கட்டிவிட்டாள். நாலாம் வகுப்பு டீச்சர் நல்லவள்தான், ஆனால் யாருக்காகவும் நிற்கமாட்டாள். அவள் வேகத்துக்குப் பிள்ளைகள் ஓடவேண்டும்.

நிறுத்துவதுதான் நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படித் தோன்றியதும் பயமாக இருக்கிறது. உன் விஷயத்திலும் எனக்கு அப்படித்தான் தோன்றியது. அப்போது பயம் வரவில்லை.

மாமா தூண்டில்களைத் தடவித் தடவியே துடைத்து அடுக்கிக்கொண்டிருக்கிறார். ஏரியில் பனிக்கட்டி இன்னும் இரண்டடி இருக்கிறது.

அன்புடன்,
அத்தை


பில்லிங்ஸ்
ஏப்ரல் 21

அத்தை,

ஜனவரிக் கடிதம் லாரியிலேயே இருக்கிறது. பதில் எழுதத் தெரியாமல்தான் எழுதவில்லை. மன்னித்தேன் என்று எழுதினால் பொய். மன்னிக்கவில்லை என்று எழுதினாலும் பொய். அதனால் அதை அப்படியே விடுங்கள்.

வந்தது மறந்துபோகும். எனக்கு இரண்டாம் வருடத்தில் ஒரு மாதம் பின்னால் எடுக்கவே வரவில்லை. நாலு நாள் டிரெய்லரைத் தொடாமல் இருந்துவிட்டு மறுபடி எடுங்கள். வந்துவிடும்.

கேட்காதீர்கள் என்று சொன்னதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். சொல்கிறேன்.

நீங்கள் ஒரு மே மாதம் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். அம்மா காப்பி போட்டார். சமையலறைக் கதவைச் சாத்தினார்கள். மாமா என்னை ஏரிக்குக் கூட்டிப்போகச் சொல்லி உங்களை அனுப்பியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு நான் தூண்டில் பெட்டியோடு வாசலில் நின்றேன். நீங்கள் வெளியே வந்து என் தலையைத் தடவிவிட்டுப் போய்விட்டீர்கள். அப்பா அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கோடை முழுக்க யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

செப்டம்பரில் பள்ளி திறந்த அன்று நாலாம் வகுப்புக் கதவுக்குப் போனேன். கதவில் பேர்ப் பட்டியல் ஒட்டியிருந்தது. அதில் என் பேரைத் தேடினேன். காணவில்லை. எனக்குத்தான் வாசிக்கத் தெரியவில்லை என்று நினைத்தேன். விரலை வைத்து முதலிலிருந்து படித்தேன். நாலு தடவை படித்தேன். பிள்ளைகள் எல்லாம் என்னைத் தாண்டி உள்ளே போனார்கள். நான் படித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் காவலாளி வந்து, "தம்பி, உன் ரூம் அது இல்ல" என்று கையைப் பிடித்து மூன்றாம் வகுப்புக்குக் கொண்டுவந்து விட்டார். நீங்கள் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தீர்கள். திரும்பிப் பார்த்து, "லேட்" என்றீர்கள்.

மறுபடி மூன்றாம் வகுப்பு படித்ததா எனக்குக் கஷ்டம்? இல்லை. அந்த வருடம்தான் எனக்குக் கொஞ்சம் வாசிக்கவே வந்தது. அந்தக் கதவுதான் கஷ்டம். இன்றைக்கும் புது இடத்தில் சரக்கு இறக்கப் போனால், வாசலில் ஒட்டியிருக்கும் பட்டியலில் என் லாரி நம்பரை ஜோலினுக்குப் படம் எடுத்து அனுப்பிச் சரிதானா என்று கேட்கிறேன். முப்பத்தைந்து வயது ஆகிறது எனக்கு.

உங்கள் பேப்பரில் என்ன எழுதவேண்டும் என்று எனக்குத் தெரியாது. எனக்கு ஏன் தெரியவேண்டும்? அவளைக் கேளுங்கள்.

டிராய்


ஹால்வர் லேக்
மே 18

அன்புள்ள டிராய்,

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஜாய்ஸ் அண்ணியிடம் போனேன். அவள் அதைப் படித்துவிட்டு, "நீ வகுப்பிலேயே அவனுக்குச் சொல்லியிருப்பேன்னுதான் நாங்க நினைச்சோம்" என்றாள். அண்ணனும் அவளும் வீட்டில் சொல்லியிருப்பார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். மூன்று பெரியவர்கள், டிராய். இரண்டு பேரும் அந்தச் சமையலறையிலேயே உட்கார்ந்து அழுதோம்.

முதலில் படகைச் சொல்லிவிடுகிறேன். மாமா உனக்கு எழுதச்சொல்லி உயிரை எடுக்கிறார்.

போன சனிக்கிழமை காலை ஐந்தரைக்கே படகுத்துறையில் எங்களுக்கு முன்னால் பன்னிரண்டு வண்டி. எங்கள் முறை வந்தபோது பின்னால் இருபது. ஊரே அங்கேதான். முதல் தடவை மடங்கிவிட்டது. முன்னால் இழுத்தேன். இரண்டாவது தடவையும் மடங்கியது. மூன்றாவதில் ஒரு சக்கரம் சிமென்ட் சரிவை விட்டு இறங்கிவிட்டது. வங்கி மேனேஜர் வந்து ஜன்னலைத் தட்டினார். "குடுங்க மார்லிஸ், ரெண்டு நிமிஷம்" என்று கையை நீட்டினார். என் கை சாவிமேல் போய்விட்டது. அப்புறம், "நான் கத்துக்கிட்டிருக்கேன். நீங்க கொஞ்சம் காத்திருக்கணும்" என்றேன். அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே! ஹேசலும் அவள் அப்பாவும் நாலு வண்டி பின்னால் நின்றார்கள். அவள் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே போட்டுக்கொண்டு, "கை அடியில டீச்சர்! அடியில!" என்று கத்தினாள்.

ஏழாவது தடவை நேராகத் தண்ணீருக்குள் இறங்கியது. எல்லா வண்டியும் ஹாரன் அடித்தன. நான் இறங்கி ராணி மாதிரி கையை ஆட்டினேன். அப்போது படகிலிருந்து மாமா சாவதானமாக, "மார்லிஸ், என் காலு நனையுது" என்றார். படகின் பின்பக்கத்தில் தண்ணீர் வடிய விடுகிற ஓட்டைக்குத் தக்கையைப் போட மறந்துவிட்டேன். ரிவர்ஸ் ரிவர்ஸ் என்று எட்டு மாதம் அதையே நினைத்ததில் பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த தக்கை போய்விட்டது. மறுபடி வெளியே இழுத்து, தண்ணீரை வடித்து, மறுபடி இறக்கினோம். அந்தத் தடவை இரண்டே முயற்சிதான். ஏழு மணிக்கு மாமா ஏரியில் இருந்தார். ஈரச் சாக்சோடு மூன்று மீன் பிடித்தார்.

இனி ஹேசல். உன் கடிதத்தைப் படித்ததுமே அவளை மேலே அனுப்பிவிடுவது என்று நான் முடிவு செய்துவிட்டேன். அவளைக் கேட்பது ஒரு மரியாதைக்குத்தான் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டுதான் கேட்டேன். அதுவும் திருட்டுத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை அவளையும் அவள் அப்பாவையும் உட்காரவைத்தேன். கதவைச் சாத்தவில்லை. அந்தப் பேப்பரை அவள் பக்கம் திருப்பிவைத்து, இதில் இருப்பது இதுதான், இங்கே கையெழுத்துப் போட்டால் இப்படி, அங்கே போட்டால் அப்படி என்று சொன்னேன். "உனக்கு என்ன தோணுது?" என்றேன். அவள் அப்பா தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார். "யோசிச்சுச் சொல்லலாமா?" என்றாள். மூன்று நாள் கேட்டாள். கொடுத்தேன்.

வியாழக்கிழமை மணியடித்த பிறகு என் மேஜைக்கு வந்தாள். "இப்பதான் எழுத்தெல்லாம் கொஞ்சம் நிக்குது. மேலே போனா மறுபடி ஓட ஆரம்பிச்சிடும். நான் இருக்கேன்" என்றாள். "ஆனா ஒண்ணு. நீங்க நிறுத்தலை, நான்தான் இருக்கேன்னு சொன்னேன். அதை எல்லார்கிட்டயும் சொல்லணும்" என்றாள். சொல்கிறேன் என்றேன். "வெள்ளிக்கிழமையே சொல்லணும்" என்றாள்.

நேற்று வெள்ளிக்கிழமை. வகுப்பில் அவளே எழுந்து சொன்னாள். ஒரு பயல் சிரித்தான். "நீ டிரெய்லரை எடுத்துக் காட்டு பார்க்கலாம்" என்றாள் அவனிடம். அதற்கப்புறம் நான் கையெழுத்துப் போட்டேன். இன்னும் ஒரு வருடம் மூன்றாம் வகுப்பு. பன்னிரண்டாவது பிள்ளை.

உனக்குக் கோபம் வரலாம். உன்னிடம் இவ்வளவும் கேட்டுவிட்டு, கடைசியில் உனக்குச் செய்ததையே செய்திருக்கிறாளே என்று நினைக்கலாம். நினைத்தால் அதையும் எழுது. நான் படிக்கிறேன்.

அன்புடன்,
மார்லிஸ் அத்தை


பில்லிங்ஸ்
ஜூன் 2

அத்தை,

தக்கை விஷயத்தை ஜோலினுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். மாமாவிடம் சொல்லுங்கள், என் பதிமூன்று வருட வேலையில் நானும் ஒரு தடவை லாரியை டிரெய்லரோடு மாட்டாமலே கிளப்பிக்கொண்டு போயிருக்கிறேன். வேறு யாருக்கும் தெரியாது.

கோபம் இல்லை. ஹேசல் விஷயத்தில் நீங்கள் எனக்குச் செய்ததைச் செய்யவில்லை.

இதைச் சொல்வதா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். சொன்னால் உங்களுக்கு வலிக்கும். ஆனாலும் உங்களுக்குத் தெரியவேண்டும் என்று தோன்றுகிறது.

மத்தியானம் சாப்பிட்டு வந்ததும் நீங்கள் எங்களுக்குக் கதை வாசிப்பீர்கள். நாங்கள் மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்போம். கரடிக்கு ஒரு குரல், கிழவனுக்கு ஒரு குரல், ஆற்றுக்கு ஒரு குரல் என்று வைத்திருந்தீர்கள். அந்த இருபது நிமிஷம் எனக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. எல்லாருக்கும் காதுதான். நாலாம் வகுப்பில் கதை கிடையாது என்று பெரிய பையன்கள் சொல்லியிருந்தார்கள். அந்த மே மாதம் முழுக்க எனக்கு அதே கவலை. வாசலில் தூண்டில் பெட்டியோடு நின்றேனே, அன்றைக்கும் அந்தக் கவலையோடுதான் நின்றேன்.

கதவைத் திறந்து வந்து என்னைக் கேட்டிருந்தால், இருக்கிறேன் என்றுதான் சொல்லியிருப்பேன், அத்தை.

டிராய்